அக்கா வெட்ட மறுத்த நாற்பது விநாடிகள்

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்புக்குள் என் அக்கா முதன்முதலாக நுழைந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. முந்தானையால் முக்காடு போட்டு, அதன்மேல் கறுப்பு ஹெட்போன் மாட்டியிருந்தாள். தோளில் பட்டை போட்ட டேப் ரெக்கார்டர். கையில் நீளக் கம்பின் நுனியில் கட்டிய மைக். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வண்டிப் பாகமாக மாற்றும் பிரஸ்கள் இருபுறமும் வரிசையாக இடித்துக்கொண்டிருந்தன. அவள் ரெக்கார்டரில் ஒலியளவைக் குறைத்தாள், மறுபடியும் குறைத்தாள். அப்போதும் அளவு காட்டும் முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நாலாவது பிரஸ்ஸைப் பார்த்தாள். அங்கே எங்கள் அத்தா நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்த பெருமையில் முகமெல்லாம் மலர்ந்து, கையை உயர்த்தி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அக்காவுக்கும் கேட்கவில்லை, டூல் ரூம் வாசலில் நின்ற எனக்கும் கேட்கவில்லை.

அத்தா ஊத்தங்கரைப் பக்கத்து ஆள். மழையை நம்பி மானாவாரி பார்த்தது போதும் என்று, ஓசூரில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கிய எழுபதுகளில் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அக்கா சென்னைக்குப் போய் சினிமா ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்று நின்றபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி மறுத்தார்கள். சினிமாவுக்கா பெண்ணை அனுப்புவது என்று கேட்டார்கள். அத்தா ஒரே பதிலில் முடித்தார். "ஆடுற வேலையும் இல்ல, பாடுற வேலையும் இல்ல. கேக்குற வேலை. என் பொண்ணு கேக்கட்டும்." வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்தபின் எந்த ஸ்டுடியோவும் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே கூப்பிட்ட படங்களுக்கெல்லாம் போய் ஒலிப்பதிவு செய்தாள். பெங்களூரில் கன்னடப் படம் ஒன்று, மைசூரில் பட்டுப்புழு பற்றிய ஆவணப்படம் ஒன்று, அஞ்செட்டி மலையில் யானை பற்றி ஒன்று. மச்சான் ஓசூர் பஸ் நிலையம் அருகே எலக்ட்ரிகல் கடை வைத்திருந்ததால் எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள். படப்பிடிப்புக்குப் போய் இறங்கினால், "சவுண்ட் எடுக்க வர்றவர் எங்கேம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்களாம். அவள் பெட்டியைத் திறந்து மைக்கை மாட்டத் தொடங்குவாள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தொழிற்சாலை, புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் காட்ட, பாதுகாப்பு பற்றிய இருபது நிமிடப் படம் ஒன்றை எடுக்கத் தீர்மானித்தது. பெங்களூர் டைரக்டர் ஒருவருக்கு அந்த வேலை போனது. ஒலிப்பதிவுக்கு அவர் அக்காவைக் கூப்பிட்டார். அப்போது நான் அங்கே டிரெயினி. அந்த வருடம் வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தவன்.

அக்காவின் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தாயைப் பெற்றவரை எங்கள் வீட்டில் நன்னா என்போம். குழந்தை நாள் முழுக்க, "நன்னா, சாப்புட வாங்க! நன்னா, சட்டை போடுங்க!" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கும். அத்தா திரும்பவே மாட்டார். திரும்பினாலும், "என்னம்மா?" என்று மறுபடி கேட்பார். குழந்தை நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நன்னா தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று உதட்டைப் பிதுக்கி அழும். அத்தாவோ எங்களிடம் கவலைப்பட்டார். "பிள்ளைக்கு பேச்சு இன்னும் திருந்தலை. வார்த்தை கொழகொழன்னு வருது. டாக்டர்கிட்ட காட்டணும்." எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. குழந்தை அத்தனை தெளிவாகப் பேசும். வீட்டில் ரேடியோ தெருமுனை வரை கேட்பதும், அத்தா சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுவது போலிருப்பதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. பழகியதாலேயே நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பிரஸ் ஷாப்பில் மூன்று நாள் பதிவு செய்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஏதோ சந்தேகம் வந்தவளாகக் குழந்தையின் பேச்சை டேப்பில் பிடித்தாள். அத்தாவை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிப் போட்டுக் காட்டினாள். "இதேதான், கொழகொழன்னு" என்றார். பெங்களூர் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய், அதே பேச்சில் மெல்லிய கூர்மையான ஒலிகளை மட்டும் பல மடங்கு கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் காதில் ஊசி குத்துவது போலிருந்த அந்தப் பதிவை அத்தாவுக்குப் போட்டாள். அத்தா அசையாமல் கேட்டார். முடிந்ததும், "திரும்பப் போடு" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"சட்டைன்னு சொல்லுது. சாப்புடன்னு சொல்லுது. நல்லாத்தானே பேசுது பிள்ளை" என்றார்.

பதினைந்து வருடம் அந்த இடிக்கு நடுவே, காதில் எண்ணெய் துடைக்கிற பஞ்சைத் திருகிக்கொண்டு நின்றதில் அவருக்குப் போனது என்ன என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா அந்தப் படத்தில் நாற்பது விநாடி சேர்த்தாள். வெறும் கறுப்புத் திரை. முதல் இருபது விநாடி குழந்தையின் பேச்சு, உள்ளபடி. அடுத்த இருபது விநாடி அதே பேச்சு, பிரஸ் ஷாப்பில் பல வருடம் நின்றவரின் காதுக்கு எட்டுகிற விதத்தில். ச, ட, ப எல்லாம் உதிர்ந்து, 'அ', 'ஆ' என்று நனைந்த துணி போல ஒரு குரல். டைரக்டருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

படத்தை முதலில் அதிகாரிகளுக்கு மட்டும், கேன்டீன் மாடி அறையில் காட்டினார்கள். ஜன்னல் திரைகளை இழுத்து மூட அழைக்கப்பட்டதால் நானும் அங்கே நின்றேன். முன்வரிசையில் பிரஸ் ஷாப் மேனேஜர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் ஆபரேட்டராகத் தொடங்கி, பிரஸ் மிஷின்களுக்கு நடுவிலேயே இருபது வருடத்துக்கு மேல் வளர்ந்து வந்தவர். கண்டிப்பானவர், ஆனால் ஆளைப் பார்த்து வேலை வாங்கத் தெரிந்தவர். என்னுடைய நிரந்தரப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

விளக்குப் போட்டதும் அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "படம் நல்லாருக்கு. ஆனா ஏம்மா, திரை கறுப்பா இருக்கும்போது அந்தப் பிள்ளை பேசுததை எதுக்கு ஒரே மாதிரி ரெண்டு மட்டம் போடுதிய? ஒண்ணு போதும்லா."

பின்வரிசை அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆமாம் சார், ஒன்றை எடுத்துவிடுகிறோம் என்று யாராவது சொல்லி முடித்துவிட மாட்டார்களா என்று எனக்கு இருந்தது. அக்கா எழுந்து நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க சார். முதல்ல வந்தது என் பொண்ணு பேசுனது. ரெண்டாவது, பிரஸ் ஷாப்புல ரொம்ப வருஷம் நின்னவங்களுக்கு அது கேக்குற விதம். எங்க அத்தாவுக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சுங்க சார்."

மேனேஜர் பக்கத்திலிருந்த இளம் அதிகாரியிடம், "ஒமக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரிஞ்சது சார்" என்றார்.

மேனேஜர் எழுந்தார். "அந்த இடத்தை வெட்டி எடுத்துருங்க" என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

டைரக்டர் அக்காவைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டார். "வெட்டிடலாம்மா. நீங்க எந்தக் கம்பெனியிலயும் நிரந்தரமா இல்லாதவங்க. இன்னிக்கி பிடிவாதம் பிடிச்சா நாளைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க."

"வேற யாரையாவது வெச்சு வெட்டிக்குங்க சார். என் கையால வெட்ட மாட்டேன். ஆனா அதுக்கு முன்னால எனக்கு ஒரு மாசம் குடுங்க" என்றாள் அக்கா.

அவருக்கு மைசூரில் வேறு படப்பிடிப்பு இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நிரந்தரப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வந்தது. என்னோடு சேர்ந்த எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. அது படத்தால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "உனக்கென்ன, நீ ஊர் ஊராப் போற. நானும் அத்தாவும் தினம் அதே கம்பெனி கேட்டுக்குள்ளதான் போயாகணும். விட்டுக்குடுக்கா. நாப்பது விநாடிதானே?"

அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அதே கேட்டுக்குள்ள போறதுனாலதாண்டா சொல்றேன். அத்தாவுக்குப் போனது போயிருச்சு. நீ இப்பத்தான் உள்ள போயிருக்க."

அவள் சொன்னது என் தலையில் ஏறவில்லை. அதன்பிறகு பல வாரங்கள் அவளோடு பேசவில்லை.

அவள் செய்த காரியம் இதுதான். பெங்களூரில் அவள் வேலை செய்த டப்பிங் தியேட்டருக்கு அருகே காது டாக்டர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொழிலாளர்களைப் பார்த்துத் தரும்படி அவரிடம் கேட்டு வாங்கினாள். "என்னை முதல்ல கூட்டிட்டுப் போ. நான் போனா மத்தவனும் வருவான்" என்றார் அத்தா. முதல் ஞாயிறு அவர்கள் இருவர் மட்டும் அத்திப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் போய் வந்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனில் மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். அத்தா பாதி நேரம் விரலைத் தூக்கவே இல்லையாம். எந்த ஒலி எந்த அளவு கேட்கிறது என்று கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தக் கோடு பாதி தூரம் போய், கிணற்றுக்குள் விழுவது போல இறங்கியிருந்தது. அத்தா மறுநாள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோருக்கும் காட்டினார். இரண்டாவது ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு எட்டுப் பேர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஆளுக்கொரு பேச்சு. ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னாளாம். அந்த மாதம் வந்த கன்னடப் பட வாய்ப்பு ஒன்றையும் ஞாயிறு படப்பிடிப்பு என்பதால் விட்டுவிட்டாள்.

நாலாவது ஞாயிறு அம்மா என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவர்களோடு அனுப்பினாள். பஸ் நிலையத்தில் எங்கள் ஆட்கள் சற்றே ஒதுங்கி நிற்பதைப் பார்த்துத் திரும்பினேன். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, பக்கத்தில் அவர் மனைவி. பஸ் வந்ததும் எல்லோரையும் போல ஏறி உட்கார்ந்தார். அந்த அம்மா அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லுத எதையும் இவுக காதுலயே வாங்க மாட்டாகன்னு கல்யாணமான நாள்லருந்து சண்டை போடுதேன்மா. மதிக்கலைன்னு நெனச்சு எத்தனை நாள் சாப்பிடாம கெடந்திருக்கேன். அன்னைக்குப் படம் பாத்துட்டு வந்து, ஏட்டி, நீ பேசுதது எனக்குப் பாதிதான் கேக்குன்னு சொன்னாக பாரு..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்த மேனேஜர் தன் தாளை அத்தாவின் தாளோடு வைத்துப் பார்த்தார். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் இறங்கின. "இது திரும்ப வருமா டாக்டர்?" என்றார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அவர் அக்காவிடம் பேசினார்.

"வெட்ட வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

கேன்டீனில் மூன்று ஷிப்டுக்கும் அந்தப் படத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மேனேஜரே எழுந்து நின்று, தனக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டதைச் சொன்னார். காதை முழுவதும் மூடும் கவசங்கள் வந்தன. அவை இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்றானது. மிஷின்களுக்கு இடையே தடுப்புகள் வந்தன. வருடா வருடம் காதுப் பரிசோதனை வந்தது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. வேர்க்கிறது என்று கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் பலர். அவர்கள் பின்னாலேயே போய் அத்தா சத்தம் போடுவார். என் பெயர் அடுத்த பட்டியலில் வந்தது. அந்த டைரக்டர் அதன்பிறகு அக்காவைக் கூப்பிடவே இல்லை. ஒரு வருடம்போல அவளுக்கு வேலை மெலிந்தே இருந்தது. பிறகு வேறு ஆட்கள் கூப்பிட்டார்கள். அத்தாவின் காது திரும்பவில்லை. குழந்தைதான் புத்திசாலித்தனமாக, அவர் முழங்காலைத் தட்டி, முகத்துக்கு நேரே நின்று பேசக் கற்றுக்கொண்டது.

நான் அதே தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இன்றைக்கும் அடுத்த அறையில் பேரன் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் பலருக்கும் அப்படியே. அத்தா காலத்து ஆட்கள் பேசிக்கொண்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அக்காவோடு பேச்சு வார்த்தை திரும்பியதே தவிர, அன்று நான் கத்தியதைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மகள் பிறந்தாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து, பெங்களூர் ஸ்டுடியோ ஒன்றில் வேலையாக இருந்த அக்காவைக் கூப்பிட்டேன். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்னேன். யார் ஜாடை, எவ்வளவு எடை என்று எல்லாம் கேட்டாள். வைக்கப் போகும் நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அன்னிக்கி உன்னை விட்டுக்குடுன்னு சொன்னேன்ல. தப்புக்கா."

"என்னடா சொன்ன? லைன்ல இரைச்சலா இருக்கு. திரும்பச் சொல்லு" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். பூத்துக்கு வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ம், இப்பக் கேட்டுச்சு" என்று சிரித்தாள்.

அன்று லைனில் இரைச்சல் ஏதும் இல்லை.