பெரிய டயர் போட்ட ஜீப்பும் நான் சொன்ன கதையும்

கல்கத்தாவில் ஜீப்புக்குச் சேற்று டயர் எதற்கு என்று யாராவது கேட்டால், மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதற்குத்தான் என்பேன். பொய். பக்கத்தில் நிற்கும் மினி பஸ் கண்டக்டரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். என் உயரத்துக்கு அது இயற்கையாக அமையவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. துறைமுக ஆபீசில் வேலை. பலர் கை மாறி வந்த பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தேன். எங்கள் ஆபீஸ் தமிழர்கள் எல்லோருடைய வண்டியும் கிடர்பூரில் ஒரே கராஜுக்குத்தான் போகும். அங்கே வண்டி பழுது பார்க்கும் மிஸ்திரி பீகார்காரர். இருபது வருஷம் நம்மவர்களோடு பழகியதில் அவருக்குச் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வந்திருந்தது.

நான் தேர்ந்தெடுத்து வந்த டயர்கள் முதலை முதுகு மாதிரி கட்டிகட்டியாக இருந்தன. மிஸ்திரி ஒன்றை உருட்டிப் பார்த்தார்.

"இது பெரிசு சாப். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா மட்கார்டுல இடிக்கும். ஒரு சைஸ் கம்மி போடுங்க."

"பெரிசா இருந்தாத்தானே மிஸ்திரி கம்பீரமா இருக்கும்?"

"எந்த மலை ஏறப் போறீங்க? அலிப்பூர் பாலமா?"

இருந்தாலும் மாட்டிக் கொடுத்தார். வேலை முடியும்போது சாயங்காலம். மறுநாள் விஸ்வகர்மா பூஜை. கராஜில் ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் கழுவி, வரிசையாக அடுக்கி, சிந்தூரப் பொட்டு வைத்தாகிவிட்டது. இனி பூஜை முடியும்வரை யாரும் ஒன்றையும் தொடமாட்டார்கள்.

"அலைன்மென்ட் பாக்கி. முன் சக்கரம் ரெண்டும் நேரா இல்ல. வண்டியை விட்டுட்டு நாளன்னிக்கு வாங்க சாப்."

என்னால் எப்படி விடமுடியும்? மறுநாள் எங்கள் சூப்பரின்டெண்டையும் அவர் மனைவியையும் காளிகாட் கோயிலுக்கு என் ஜீப்பில் அழைத்துப் போவதாகப் பீற்றியிருந்தேன்.

"எங்க ஊர்ல ஆயுத பூஜை அடுத்த மாசந்தான் மிஸ்திரி. தமிழன் ஜீப்புக்கு நாளைக்கு லீவு கிடையாது" என்றேன். நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அலைன்மென்ட் ஆகல சாப். மறுபடி சொல்றேன், ஆகல. மெதுவா போங்க. முழுசா ஒடிக்காதீங்க."

மறுநாள் வழி முழுக்க ஜீப் இடப்பக்கமே இழுத்தது. "இந்த ஊர் வண்டி சார், இடதுசாரி" என்று சொல்லிச் சமாளித்தேன். சூப்பரின்டெண்ட் ரசித்தார். கோயில் சந்தில் திரும்ப ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். டயர் மட்கார்டில் போய் மாட்டியது. திரும்பி வரவில்லை. ஜீப் நடைபாதையில் ஏறி, ஒரு செம்பருத்தி மாலைக் கடைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பூக்காரம்மா எழுந்து ஓடித் தப்பினார். சூப்பரின்டெண்ட் மனைவிக்கு நெற்றியில் கோலி அளவு வீக்கம்.

"யாருய்யா இதுக்கு அலைன்மென்ட் பார்த்தது?" என்று கத்தினார் சூப்பரின்டெண்ட்.

"கிடர்பூர் மிஸ்திரிதான் சார்."

"எப்ப?"

"நேத்துதான் சார்."

அவ்வளவுதான் பொய். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் தமாஷ்காரன் என்று பெயர் வாங்கியவன். அந்த வருஷம் துர்கா பூஜை லீவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய இடத்திலெல்லாம் எனக்கு இதே கதைதான். விஸ்வகர்மா பூஜை வந்தால் கல்கத்தாவில் முதல் நாளிலிருந்தே ஊரே பட்டம் விடும். மிஸ்திரி ஒரு கண்ணால் ஆகாயத்தில் பட்டத்தையும் மறு கண்ணால் என் சக்கரத்தையும் பார்த்து அலைன்மென்ட் செய்தாராம். அவர் தமிழில் பேசியும் காட்டுவேன். கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு ஸ்பேனரைத் திருகிக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டார்கள். சொன்னேன்.

பொங்கல் சமயத்தில் என் மனைவி, கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு அலைன்மென்டே பண்ணலைன்னுதானே வீட்ல சொன்னீங்க?"

"ஆமா."

"எதிர்வீட்டு அக்கா சொல்றாங்க, உங்க ஆபீஸ் வண்டி ஒண்ணுகூட இப்ப அங்க போறதில்லையாம். பட்டம் பார்த்துக்கிட்டே வேலை செய்யற ஆளாம்."

"அது சும்மா தமாஷுக்குச் சொன்னதும்மா."

"அவருக்கும் தமாஷாத்தான் இருக்குமா?"

மறுநாள் ஆபீஸ் கேண்டீனில், சாப்பாட்டு நேரத்தில், எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். மிஸ்திரி அன்றைக்குக் கருவியையே தொடவில்லை, எச்சரித்துத்தான் அனுப்பினார், பட்டம் என் சொந்தச் சரக்கு என்றேன். எல்லோரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"முதல் கதையைவிட இது பிரமாதம்யா!" என்றார் ஒருவர். சூப்பரின்டெண்ட் தோளில் தட்டி, "ஒரு ஏழை மிஸ்திரிக்காகப் பழியை நீயே ஏத்துக்கறே பாரு, அங்க நிக்கறேய்யா நீ" என்றார். ரசம் சாதத்தை அப்படியே மூடி வைத்தேன்.

நாலு மாசத்துக்குப் பிறகு அன்று சாயங்காலம்தான் கராஜுக்குப் போனேன். அதுவரை எந்த முகத்தோடு போவது? எப்போதும் நாலைந்து வண்டி நிற்கும் இடத்தில் ஒரே ஒரு டாக்சி நின்றது. மிஸ்திரி என் முன் டயரை உள்ளங்கையால் தடவினார். ஓர் ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது.

"நாலு மாசம் இப்படியேவா ஓட்டினீங்க?"

தலையை ஆட்டினேன். அவர் தரையில் படுத்து, முன் சக்கரங்களை அளந்து, அடியில் இருக்கும் கம்பியைத் திருகி, மறுபடி அளந்தார். மட்கார்டில் இடிக்காதபடி ஸ்டியரிங் எவ்வளவு ஒடியலாம் என்பதையும் ஒரு போல்ட்டால் கட்டுப்படுத்தினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து கை துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சாப், ஒரு கதை சொல்றீங்களாமே. பட்டம், மிஸ்திரின்னு. ரொம்ப சிரிப்பாம். எனக்கும் சொல்லுங்க."

வாய் மூடாமல் பேசுபவன் நான். அன்று மூன்றே வாக்கியம்தான் வந்தது. "அலைன்மென்ட் ஆகலைன்னு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. அப்புறம் பொய் சொன்னேன்" என்றேன்.

"இதுல சிரிப்பு எங்க?"

"இல்ல மிஸ்திரி."

"அப்ப இதையே அங்க சொல்லுங்க."

"சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க."

அவர் டாக்சியின் பானெட்டைத் திறக்கப் போய்விட்டார்.

எங்கள் ஆபீஸ் வண்டிகள் திரும்ப அங்கே போகவில்லை. என் ஜீப் மட்டும் மாதம் ஒரு தடவை, ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் போகும். அவர் அதை ஒருமுறை சுற்றி வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு சாப், போங்க" என்பார்.