இரண்டு சந்தேகப் பிராணிகள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். யார் எடை போட்டாலும் அவர் இன்னொருதரம் போட்டுப் பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான், மனைவி பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார்.

புதிய பேட்டரிக்கான பொருளைத் தேடும் வேலை இப்போது செயற்கை நுண்ணறிவிடம் போய்விட்டது. எந்தப் பொடி எவ்வளவு என்று அது முடிவு செய்யும். இயந்திரக் கை கலந்து உலையில் வைக்கும். பிசுபிசுக்கும் பொடிகள் மட்டும் அந்தக் கைக்குச் சரிப்படாது. அவற்றை எடை போட்டுக் கொடுப்பது இவர் பொறுப்பு. கொடுத்துவிட்டு, அது என்ன தில்லுமுல்லு பண்ணுகிறதோ என்று கண்ணாடிக்கு வெளியே நின்று முறைப்பார்.

இன்று பிடித்தேவிட்டார். அவர் கொடுத்த ஒவ்வொரு கிண்ணத்தையும் அது தன் தராசில் வைத்து மறுபடி எடை போட்டது.

மாலையில் மனைவியோடு கடைக்குக் கிளம்பும்போதும் கொதிப்பு அடங்கவில்லை.

"இத்தனை வருஷ சர்வீஸு! என்னையே சந்தேகப்படுது, தெரியுமா?"

மனைவி கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாள்.

"முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குப் பழகிப்போச்சு."

அவருடைய கை அதற்குள் பூட்டை இழுத்துக்கொண்டிருந்தது.