கலீமுல்லா பாயின் விரல்

கண்ணை மூடிக்கொண்டுதான் கலீமுல்லா பாய் தோல் பார்ப்பார். ஆம்பூரில் எங்கள் டேனரியில் பதனிட்ட மாட்டுத்தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. வலது ஆட்காட்டி விரலை மெல்ல ஓட்டுவார். விரல் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. “கன்னுக்குட்டியா இருக்க சொல்ல உண்ணி கடிச்சது,” என்பார். வெளிச்சத்தில் பிடித்தால் கடுகளவு தழும்பு தெரியும். சுண்ணாம்பு பட்டு அந்த விரல் மரத்துவிடக் கூடாதென்று வெற்றிலை போடமாட்டார். சோற்றைக்கூட ஆறவிட்டுத்தான் தொடுவார்.

இந்த மாசியில் அந்த விரல் நுனியின் தோலைச் சீவு கத்தி கொண்டுபோய்விட்டது. முதலாளி ஒரு மாதம் தவணை தந்தார். “உணர்ச்சி வர்லன்னா குழி வேலைக்குப் போய்க்குங்க, பாய்.” ஐம்பது வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

கட்டு அவிழ்க்கும்போதெல்லாம் பாய் தன் விரலையும் ஒரு தோல்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மூட்டை தூக்கும் பச்சையப்பன் சும்மா இருப்பானா?

“இன்னா பாய், உன் வெரல ரெண்டாம் நம்பர்ல போட்ரலாமா?”

“இர்றா. ஆழமா கிழிஞ்ச தோலு மூடிக்கும், ஆனா வழவழன்னு பூடும். மயிர்க்குழி திரும்பாது. மேலாக்க செராய்ச்சதுன்னா அடியில வேர் இருக்கும், பழையபடி எழும்பும். என்னுது எதுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்.”

இருபது வருஷம் மாடுகளின் முதுகில் அவர் படித்த பாடம் அது.

பொருக்கு உதிர்ந்த அன்று உள்ளே வெங்காயச் சருகுபோல் மெல்லிய தோல், ரேகையே இல்லாமல் வழவழவென்று மினுமினுத்தது. பாய் அதன்மேல் மறுபடி துணியைச் சுற்றிக்கொண்டார். அன்றிரவு என் ஜெபத்தில் அந்த விரலையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு விரலுக்காகக் கேட்க வெட்கமாக இருந்தது, இருந்தும் கேட்டேன்.

இருபத்தாறாம் நாள் தொழுகைக்குக் கை கழுவப் போனவர் தொட்டியண்டையே நின்றுவிட்டார். “பச்சையப்பா, இங்க வா. தண்ணி சில்லுன்னுதுடா.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். நுனியில் மங்கலாக, வட்டம் வட்டமாக ரேகை எழும்பியிருந்தது. பழைய சுழி, பழைய இடத்திலேயே.

தவணை நாளில் முதலாளி தாமே ஒரு தோலை விரித்தார். “நல்ல சரக்கு. மொத நம்பர்தானே, பாய்?”

பாய் கண்ணை மூடினார். விரல் கழுத்திலிருந்து இறங்கி, முதுகைத் தாண்டி, நின்றது. ஓரங்குலம் பின்னால் வந்து மறுபடி அங்கேயே நின்றது. தோலை மடித்து இரண்டாம் தரக் குவியலில் போட்டார். முதலாளி அதை எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை போனார். வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஆமா, இருக்குது,” என்றார்.

பாய் அதற்குள், கண்ணைத் திறக்காமலே, அடுத்த தோலுக்குக் கையை நீட்டியிருந்தார்.