நல்லமுத்துவின் பத்து நிமிடம்

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் நல்லமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. தப்பு மேளம் அடிப்பதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை, பிடிவாதத்திலும் இல்லை. அவர் அடிக்கும்போது யாராவது பேசிவிட்டால் போச்சு. குச்சிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, பேசி முடிக்கும்வரை அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் தப்புக்குத்தான். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார். மழைக்காலத்தில் வீட்டிலிருக்கும் நல்ல கம்பளி தப்புக்குப் போய்விடும். முன்பள்ளி ஆசிரியையான மகள் லோஜினி, "அடுத்து அதுக்குக் கஞ்சி வச்சுக் குடுங்கப்பா" என்பாள். அவர் அதையும் யோசித்துப் பார்ப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் இந்த மனிதர் ஒரு சபதம் எடுத்தார். ஏதோ ஒரு கலை விழாவுக்கு வந்த பிரதம அதிதியை, பெரிய ரோட்டிலிருந்து மண்டப வாசல்வரை தப்படித்து அழைத்துப் போனார். அதிதி உள்ளே போனதும், "போதும், இனிப் போகலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே மலையகக் கலைகளைப் போற்றுவது எப்படி என்று மூன்று மணி நேரம் பேசினார்களாம். "இனி எவனுக்கும் முன்னால நடந்து அடிக்க மாட்டேன்" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். இரண்டு பெரிய புள்ளிகள் ஆள் அனுப்பிக் கேட்டும் அசையவில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் நுவரெலியா இசை விழாக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. "மேடையில் தப்பிசை, பத்து நிமிடம்." லோஜினியை நான்கு தரம் வாசிக்கச் சொன்னார். முப்பது வருடமாகச் சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் வரவேற்பிலும் தரையில் நடந்தே அடித்த தப்பு அது. ஒரே ஒரு தரம் மேடையில் நின்று அடித்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேயிலை மரத்தைக்கூடத் தாளத்தோடுதான் வெட்டினார்.

விழா நாளில் மண்டப வாசலிலேயே விழாக் குழுச் செயலாளர் ஜெயரத்தினம் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே சங்கீத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நல்ல நேரத்துக்கு வந்தியள். அதிதி இப்ப வந்திடுவார். கேட்டில இருந்து மண்டபம் மட்டும் அடிச்சுக்கொண்டு வாங்கோ."

"மேடையில அடிக்கத்தாங்க வந்தேன்" என்றார் நல்லமுத்து.

"அது பிறகு பாப்பம். முதல்ல இது."

"இது செய்ய மாட்டேங்க."

"வாசல்ல அடிக்காட்டி மேடையைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது!"

கூட வந்திருந்த லோஜினி அப்பாவின் கையைப் பிடித்தாள். ஆசைப்பட்ட மேடை இருபதடி தூரத்தில் இருந்தது. நூறடி நடந்து அடித்துவிட்டால் கிடைத்துவிடும். நல்லமுத்து தப்பைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார். அரசியல்வாதியான அதிதி வாகனத்திலிருந்து இறங்கி, தப்புச் சத்தத்தைத் தேடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தன் செருப்புச் சத்தத்தோடு உள்ளே நடந்தார்.

"வீட்டுக்குப் போவோமாப்பா?"

"கூப்பிட்டா தப்பு சூடா இருக்கணும்ல" என்றார் நல்லமுத்து.

நுவரெலியா மூடுபனியில் தோல் தொய்ந்து, தட்டினால் தலையணைச் சத்தம் வந்தது. அட்டைப் பெட்டியைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். காவல்காரர் "மொனவத மே?" என்று, என்ன இதெல்லாம் என்று கேட்டபடி ஓடி வந்தார். லோஜினி சிங்களத்தில் விளக்கியதும், அவரே இன்னும் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் குளிர்காய உட்கார்ந்தார்.

உள்ளே கலாநிதி கோபிசங்கர் தப்பைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி வெளியிலும் கேட்டது. தப்பில் பதினெட்டு வகை அடி உண்டு என்றார். "ஏ லோஜினி, நான் அடிக்கிறதுல இத்தன இருக்கா!" என்று நல்லமுத்து பூரித்துப்போனார். கலாநிதி தப்பைத் தொட்டதில்லை. ஆனால் பேச்சை நிறுத்தவும் இல்லை. தப்பு சூடேறியது, ஆறியது. மறுபடி சூடேறியது, மறுபடி ஆறியது. இருக்கைகளை நிரப்பப் பஸ்ஸில் ஏற்றிவந்த பாடசாலைப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். முன்வரிசையில் அதிதியும் தூங்கினார்.

ஐம்பதாவது நிமிடத்தில், "இப்போது தப்பொலியைக் கேட்போம்" என்று கலாநிதி மடிக்கணினியைத் தட்டினார். சத்தம் வரவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். ஊகூம். ஜெயரத்தினம் வேர்த்து விறுவிறுத்துப் பின்பக்கம் ஓடி வந்தார்.

"அண்ணை, கெதியா மேடைக்கு வாங்கோ!"

நான்காவது தரமாகக் காய்ச்சிய தப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நல்லமுத்து படிகளில் ஏறவில்லை, பறந்தார். மேடையின் நடுவில் நின்று ஒரு அடி போட்டார். மண்டபக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடேயப்பா! பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். கலாநிதியின் தாள்கள் பறந்தன.

அதிதியும் கண் விழித்தார். காதில் தப்புச் சத்தம். அவருடைய அரசியல் வாழ்க்கையில் தப்படித்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: ஐயா நடக்கிறார். எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், கைகளைக் கூப்பிக்கொண்டு, இடமும் வலமும் புன்னகைத்தபடி வாசலை நோக்கி நடந்தார். அவருடைய ஆட்களும் சால்வைகளை அள்ளிக்கொண்டு பின்னால் போனார்கள்.

ஜெயரத்தினத்துக்கு உயிர் போய்விட்டது. "ஐயா போறார்! நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி இறங்கி முன்னால போங்கோ!" என்று மேடையோரம் நின்று கத்தினார்.

நல்லமுத்துவின் கால் ஒரு கணம் படியைப் பார்த்துத் திரும்பியது. முப்பது வருடப் பழக்கம் அது. காலை இழுத்து மேடை நடுவில் ஊன்றிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார். வாசலில் அதிதி நின்று திரும்பிப் பார்த்தார். தப்பு பின்னால் வரவில்லை. வெளியே போனார், வாகனம் கிளம்பியது.

பிள்ளைகள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். லோஜினி அழுதுகொண்டே கைதட்டினாள். நல்லமுத்துவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்; இத்தனை வருடத்தில் இப்படி ஒருநாளும் அவர் அடித்ததில்லை.

ஜெயரத்தினம் மேடையோரம் வந்து, "இன்னும் எத்தினை நிமிசம், அண்ணை?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் போயிருந்தது.

நல்லமுத்து குச்சிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள்.

"பேசி முடிச்சிட்டீங்களா, ஐயா? பத்துல மூணுதாங்க ஆகியிருக்கு."

ஜெயரத்தினம் முன்வரிசைக்குப் போனார். அங்கே அதிதியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து கேட்டார்.