கை மட்டும்தான் பாக்கி

“எப்பக்கா குடுப்பீங்க?” என்று கேட்டவள் வாயை மூடுவதற்குள் சகாயமேரி இரண்டு குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்கிறாள். ஊசி கவ்விய வாயோடு யாரால் பதில் சொல்ல முடியும்? கேட்டவளும் மேற்கொண்டு கேட்கமாட்டாள், எங்கே குத்திவிடப் போகிறதோ என்று அவளே பதறிப்போய் நிற்பாள். சற்றுப் பொறுத்து, ஊசிகள் இரண்டும் துணியில் ஏறிய பிறகு, சகாயமேரி கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்துச் சொல்வாள். “கை மட்டும்தான் பாக்கி கண்ணு. நாளிக்கு வா.”

திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து வருகிற சாலையில், மருந்துக்கடைக்கும் இட்லி மாவுக் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் அகலத்தில் இருக்கிறது மேரி டெய்லர்ஸ். வேளாங்கண்ணி மாதா காலண்டர், மோட்டார் வைத்த தையல் மிஷின், பழைய புடவையைத் திரையாகக் கட்டிய ஒரு மூலை, அளவு ஜாக்கெட்டுகள் அடைத்த பைகள், உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தையலில் குறை சொல்ல இனிமேல்தான் ஒருத்தி பிறந்து வரவேண்டும். தோளில் சுருக்கம் விழாது, அக்குளில் பிடிக்காது, கழுத்து சொன்ன இடத்தில் நிற்கும். தேதிதான் அவளுக்கு ஆகாது. “இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் தீபாவளிக்கு முன்னால் துணிப்பையோடு வந்து நிற்கிறார்கள். அந்தத் தைரியம்தான் அவளுக்கு.

வயது ஐம்பதை நெருங்குகிறது. கணவர் அந்தோணிராஜ் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவர், விடிவதற்குமுன் போனால் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். மகன் ஜாபஸ் ஓசூரில் வேலையில் இருக்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வான். “சாப்ட்டியாம்மா?” “சாப்ட்டேன்டா.” அதற்குப் பிறகு இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது, வைத்துவிடுவார்கள். ஆக, ஊர்ப் பேச்சு முழுக்க அவளுக்குக் கடையில்தான். யார் வீட்டில் நிச்சயம், யார் மருமகளுக்கு ஜாக்கெட் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு முதலில் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், மிஷின் நின்றுவிடும்.

அப்படி நின்றது போன மழைக்காலத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிற லாவண்யா, ரயிலை விட்டு இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொள்ள, கடைக்குள் ஒதுங்கினாள். ஒதுங்கியவள் போனைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சகாயமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“எவன் அவன்?”

“எவனும் இல்லக்கா. காமிக்ஸு.”

“பொய் சொல்லாத. காமி.”

லாவண்யா காட்டினாள். ஜப்பான்காரர்கள் வரைகிற காதல் சிரிப்புக் கதை. கண்ணாடி போட்ட ஒரு பையன், குட்டை முடி வைத்த ஒரு பெண். ஒரே வகுப்பு, ஒரே வழியில் வீடு, தினமும் சேர்ந்துதான் நடந்து போகிறார்கள். அவனுக்கு அவள்மேல் உயிர், அவளுக்கும் அப்படியே. பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வரைக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேர்தான் ஒருவருக்கொருவர் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

சகாயமேரி போனை வாங்கி, நாம் எல்லாரும் படிக்கிறபடி இடமிருந்து வலமாகப் படம் பார்த்தாள். அந்த வழியில் பார்த்தால் அந்தப் பெண் முதலில் அழுகிறாள், பிறகு வழுக்கி விழுகிறாள், கடைசியில் தரை ஈரமாக இருப்பதைக் கவனிக்கிறாள். “இன்னா பொண்ணு இது, வுழறதுக்கு முன்னாடியே அழுவுது?” என்றாள். லாவண்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, இது வலமிருந்து இடமாகப் போகிற புத்தகம் என்று விளக்கினாள். “தோ, துணிய உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தெக்கிறமாரி” என்று சகாயமேரி நொடியில் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வி, அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டைக் காலரைப் பற்றி. “இத்த வெட்ட ரொம்ப நேரமாவும். யார் தெச்சா?”

அன்றைக்கு மழை எப்போது விட்டதென்று இருவருக்கும் தெரியாது.

புது அத்தியாயம் வியாழக்கிழமை தோறும் வரும். இங்கிலீஷில்தான் இருக்கும். லாவண்யா படித்துத் தமிழில் சொல்வாள், சகாயமேரி கொக்கி கட்டிக்கொண்டே கேட்பாள். மாவுக் கடைக்கு மேல் வீட்டில் இருக்கிற தீபிகா, காலேஜில் படிக்கிறவள், மாவு வாங்க வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டு, பிறகு இரண்டாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் மேரி டெய்லர்ஸில் தையல் நடக்காது, பட்டிமன்றம்தான் நடக்கும்.

“ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்கிறான்க்கா அந்த ஆளு” என்பது லாவண்யாவின் கட்சி. அந்த ஆள் என்பது கதை எழுதுகிறவர். “பட்டாசு வெடிக்குது, சொல்லல. பூன குறுக்க வருது, சொல்லல. அவளுக்குத் தும்மல் வருது, சொல்லல. படிக்கிறவங்கள இன்னா கேனைங்கன்னு நெனச்சிட்டானா?”

“அவன் சொல்லாட்டி போறான், அவ சொன்னா என்னவாம்?” இது தீபிகாவின் கட்சி. “அவளுக்கு வாய் இல்லையா?”

உலகம் முழுக்க இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒரு குழுவில் இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாவண்யா அதையும் வாசித்துக் காட்டுவாள். இந்த வருஷத்துக்குள் சொல்லாவிட்டால் படிப்பதையே நிறுத்திவிடுவேன் என்று எந்தத் தேசத்துப் பெண்ணோ எழுதியிருந்தாள். சகாயமேரி நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள். “அவளாவது நிறுத்தறதாவது. என் கஸ்டமர் மாரியே பேசறா.”

பெரிய சண்டை வந்தது கூட்ஸ் வண்டி அத்தியாயத்துக்குத்தான். லெவல் கிராசிங்கில் இருவரும் நிற்கிறார்கள். பையன் வாயைத் திறந்து சொல்லியே விடுகிறான். அந்த நேரம் பார்த்து வண்டி தடதடவென்று போகிறது, அவள் காதில் விழவில்லை. அப்படியானால் சொன்னது கணக்கா, இல்லையா? குழுவில் வெட்டுப்பழி குத்துப்பழி. கடையிலும் அப்படித்தான். எக்ஸ்பிரஸ் ஒன்று திருமுல்லைவாயிலில் நிற்காமல் பாய்ந்து போகிற ஒவ்வொரு தடவையும் இவர்கள் விவாதமும் நின்று, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

“பாவம்க்கா. வண்டி கெடுத்துடுச்சி” என்றாள் லாவண்யா.

“வண்டியா கெட்த்துச்சி? முன்னாடி படத்துக்குப் போ” என்றாள் சகாயமேரி. “தோ பாரு, கேட்டு அப்பவே மூடிகீது. வண்டி வரப்போவுதுன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வாயத் தொறந்தான். சொன்னமாரியும் ஆச்சி, சொல்லாதமாரியும் ஆச்சி.”

“கேட்டெல்லாம் சும்மா வரஞ்சிருப்பான்க்கா” என்றாள் தீபிகா. லாவண்யா மட்டும் விடாமல் அதை இங்கிலீஷில் எழுதிக் குழுவில் போட்டாள். எங்கள் தையற்கார அக்கா சொல்கிறார் என்றுதான் போட்டாள். ராத்திரியோடு ராத்திரியாக அங்கே ரகளை. தையற்கார அக்கா, கதாசிரியருக்குச் சொந்தமா என்று ஒருவன் கேட்டிருந்தான். மறுநாள் அதைக் கேட்ட சகாயமேரிக்குத் தலைகால் புரியவில்லை. வந்த கஸ்டமர் எல்லாரிடமும் சொன்னாள். அவர்களோ, ஜாக்கெட் என்னாச்சு என்றார்கள்.

“ஏன்க்கா எப்பவும் அவன் சொல்லக்கூடாதுன்னே பேசறீங்க?” என்று லாவண்யா ஒரு நாள் கேட்டாள்.

அன்றைக்கு வாயில் ஊசி இல்லை. “தெனம் ஒண்ணா நடந்து போறாங்க. இன்னிக்குச் சொல்வானா, நாளிக்குச் சொல்வானான்னு அவளும் கூட வர்றா. சொல்லிட்டா அப்பால? இன்னாத்த பேசிகினு போவாங்க? சாப்ட்டியா, சாப்ட்டேன். அவ்ளோதான்.”

இந்தச் சமயத்தில்தான் லாவண்யாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். “அவ்ளோ சீக்கிரமாவா?” என்று கேட்டாள் சகாயமேரி. அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்ததென்று தீபிகா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் முகூர்த்தம், மறுநாளே புனேவுக்கு ரயில். அரக்கு நிறப் பட்டு, அதற்கு ஜாக்கெட் சகாயமேரிதான் தைக்கவேண்டும் என்று லாவண்யா துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கொடுத்து எத்தனையோ நாளாயிற்று. திங்கள் என்றாள், புதன் என்றாள். கை மட்டும்தான் பாக்கி என்றாள். உண்மையில் கை, கழுத்து, கொக்கி, இஸ்திரி எல்லாம் எப்போதோ முடிந்து, அந்த ஜாக்கெட் வெட்டுகிற மேஜைக்கு அடியில், லைனிங் துணிகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் கவரில் படுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் யாருக்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் தைத்ததில்லை. ஆசையாசையாக உட்கார்ந்து முடித்துவிட்டாள். முடித்த பிறகுதான் உறைத்தது. இதைக் கொடுத்துவிட்டால் இந்தப் பெண் எதற்கு இனிமேல் இந்தக் கடைக்கு வரப்போகிறாள்? பெற்ற பிள்ளை ஓசூருக்குப் போனபோதுகூட அவளுக்கு இப்படி விட மனம் வராமல் போனதில்லை. அதைச் சொல்லவும் வெட்கம். துணி தைத்துக் கொடுக்கிறவள், வாங்கிப்போக வருகிறவளிடம் போய் என்னவென்று சொல்வது?

புதன்கிழமை லாவண்யாவின் அம்மா கன்னியம்மாள் கடைக்கு வந்துவிட்டாள். “முகூர்த்தத்துக்கு என் பொண்ணு இன்னாத்த போட்டுக்கினு குந்துவா? வெட்டின வரைக்கும் துணியக் குடு, வேற எடத்துல பாத்துக்கிறேன்” என்று தெரு கேட்கப் பேசினாள். சகாயமேரி வழக்கம்போல ஊசியைத் தேடவில்லை. “நாளிக்கு சாயங்காலம் குட்த்துடறேன்க்கா, சத்தியமா” என்றாள். கர்த்தர் பேரில் சத்தியம் செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள். மறுநாள் வியாழக்கிழமை. கடைசியாக ஒரு அத்தியாயம் லாவண்யாவின் வாயால் கேட்டுவிடலாம். ஒருவேளை அந்தக் கண்ணாடிப் பையன் இந்தத் தடவை சொல்லிவிட்டால், அதுவே முடிவு, மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கதையில் அவர்கள் இருவரும் ரயில்வே பாலத்தின்மேல் நிற்கிறார்கள். பட்டாசு இல்லை, பூனை இல்லை, தும்மல் இல்லை. தண்டவாளம் காலியாகக் கிடக்கிறது. பையன் அவள் பெயரைச் சொல்கிறான். வாயைத் திறக்கிறான். பக்கம் முடிந்துவிட்டது. அடியில் ஒரு குறிப்பு, எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லை, அடுத்தது ஒரு மாதம் கழித்து.

தீபிகா அந்த ஜப்பான்காரரை அழகான சென்னைத் தமிழில் திட்டிவிட்டு, மாவு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

“ஒரு மாசமா” என்றாள் சகாயமேரி.

“நான் அங்கிருந்து போன் பண்ணி படிச்சுச் சொல்றேன்க்கா.”

“போன்லயா” என்றாள். குனிந்து மேஜைக்கு அடியில் கைவிட்டுக் கவரை எடுத்துக் கொடுத்தாள். லாவண்யா திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தாள். எங்கும் ஒரு நூல் கூடக் குறைய இல்லை, உடம்போடு பிறந்த மாதிரி இருந்தது. கழற்றிக்கொண்டு வெளியே வந்தவள் அதைத் திரும்ப மடிக்கப் போனாள். மடிப்புகள் அழுந்தப் படிந்திருந்தன. நேற்று இன்று இஸ்திரி போட்டு மடித்த துணி அப்படி இருக்காது. லாவண்யா மடிப்பைப் பார்த்தாள், சகாயமேரியைப் பார்த்தாள்.

“லாவண்யா” என்றாள் சகாயமேரி. எப்போதும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

“சொல்லுங்கக்கா.”

சகாயமேரி வாயைத் திறந்தாள். பிறகு கை நீட்டி ஜாக்கெட்டை வாங்கினாள். மிஷின்மேல் கிடந்த பிளேடை எடுத்து, மேலிருந்து முதல் கொக்கியின் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, கொக்கியைத் தனியே எடுத்துவிட்டாள்.

“இது செரியா உக்காரல. நாளிக்கு வந்து வாங்கிக்க.”

லாவண்யா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். “நாளைக்கு வரேன். ஆனா இப்ப என்னவோ சொல்ல வந்தீங்களே, அது என்னக்கா?”

எக்ஸ்பிரஸ் எதுவும் வரவில்லை. கடைக்கு யாரும் வரவில்லை, போனும் அடிக்கவில்லை. சகாயமேரி அந்தக் கொக்கியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.