எல்லா கியரிலும் வந்த சத்தம்

போன மாதம் கீரனூர் கடைவீதியில் எங்கள் கார் கத்தியது. ஹாரன் இல்லை... கியர். செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு மாற்றும்போது ‘கர்ர்ரக்’ என்று ஒரு சத்தம். பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் அவரை முறைத்தார். கார் கத்தினால் பழக்கடைக்காரர் என்ன செய்வார், பாவம்?

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு எங்கள் காரைத் தெரிந்திருக்கும். வெள்ளைக் கார் – வெள்ளை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ரோடு போடும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன என் கணவர், அதை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறை சொல்ல மட்டும் தெரியும்.

சத்தம் நாளுக்கு நாள் கூடியது. புதுக்கோட்டையில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் முருகேசனிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கும் முன்னால் கதை கேட்டார்.

“சும்மா நிக்கிறப்ப சத்தம் வருதுங்களா சார்?”

“இல்லப்பா, கியர் போடுறப்பதான்.”

“ஒரு கியர்ல மட்டுமா, எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும். ரிவர்ஸ்ல ரொம்ப மோசம்.”

இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டேன். விளக்கினார். நிற்கும்போது வரும் சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால், கியர் பாக்ஸுக்குள் பேரிங் போயிருக்கும். மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் பேரிங். ஒரே ஒரு கியர் முரண்டு பிடித்தால், அந்த கியரின் ரிங் தேய்ந்திருக்கும். எல்லா கியரும் கத்தினால்? கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். உள்ளே சுற்றுவது நிற்பதற்குள் கியர் போட்டால், பல்லும் பல்லும் மோதும். அவ்வளவுதான்.

எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். கேபிளை டைட் செய்தார். சத்தம் போகவில்லை. கியர் ஆயில் மாற்றினார். போகவில்லை. கிளட்ச் செட்டையே புதிதாகப் போட்டார். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது... அதே கர்ர்ரக்.

அடுத்த முறை போனபோது முருகேசனே காரை எடுத்துக்கொண்டு சித்தன்னவாசல் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வந்தார். இறங்கித் தலையைச் சொறிந்தார்.

“எனக்கு நல்லா விழுகுதே சார். ஒரு சத்தமும் இல்லையே.”

“அப்ப எனக்கு ஓட்டத் தெரியலைங்கிறியா?”

“ஐயோ, அப்படிச் சொல்வேனா சார்? வேணும்னா பாக்ஸை எறக்கிப் பாத்துருவோம்.”

இறக்கினார். உள்ளே ஒரு பல்கூடத் தேயவில்லை. நான் யார் பக்கம் நின்றிருப்பேன்? கணவர் பக்கம்தான். வேலை தெரியாத ஆள், வேறு மெக்கானிக்கைப் பார்ப்போம் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் குடுமியான்மலைக் கோயிலில் என் நாத்தனாரின் பேத்திக்குக் காது குத்து. முடிந்து பிரகாரம் சுற்றக் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கருங்கல் தளம் எப்படிக் கொதிக்கும் என்று நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? நாங்கள் எல்லாரும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினோம். என் கணவர் மட்டும் கைகூப்பியபடி, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து வந்தார்.

“அண்ணனப் பாருங்கண்ணி” என்றாள் நாத்தனார். “கல்லு இந்தக் கொதி கொதிக்குது, அது பாட்டுக்கு நடந்து வருது! பக்தின்னா அதுதான்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்களேன். பையன் சிங்கப்பூர் வேலை நெலைக்கணும்னு வேண்டிக்கிட்டு” என்றேன். நான்தான் சொன்னேன். அவரும் சுற்றி வந்தார்.

கிளம்பும்போது நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். என் கணவருக்கு வெறுங்காலில் ஓட்டித்தான் பழக்கம். ரிவர்ஸ் போட்டார். கர்ர்ரக். என் மடியிலிருந்த விபூதிப் பொட்டலம் கீழே விழ, எடுக்கக் குனிந்தேன். அவருடைய இடது கால் கண்ணில் பட்டது. கிளட்ச் பாதி வரைக்கும்தான் இறங்கியிருந்தது.

“முழுசா மிதிங்க” என்றேன்.

“முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்.”

பெடல் பாதியில் நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர் பொய் சொல்கிற ஆளில்லை. கால் அடிவரைக்கும் போய்விட்டதாக அவர் நிஜமாகவே நினைக்கிறார்.

அவருக்குப் பல வருஷமாகச் சுகர். கொதிக்கிற கல்லில் நிதானமாக நடந்தாரே, அது பக்தி இல்லை. அவருக்குச் சுடவே இல்லை! இடது காலே இப்படி என்றால் வலது கால்? அதன் கீழே இருப்பது பிரேக்.

“எனக்கு மயக்கமா வருது” என்று பொய் சொன்னேன். “அண்ணே, நீங்க ஓட்டுங்க. இவரு பின்னால என்னைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்.”

யாருக்கும் கொடுக்காத சாவியை எனக்காகக் கொடுத்தார். நாத்தனாரின் வீட்டுக்காரர் ஓட்டினார். புதுக்கோட்டை வந்து சேரும் வரைக்கும் ஒரு கியர்கூடக் கத்தவில்லை. அது என் கணவர் காதிலும் விழாமலா இருந்திருக்கும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளங்கள். இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று உடைந்து, தோல் உரிந்து தொங்கியது.

“செருப்பு கடிச்சிருக்கும்” என்றார்.

“கோயிலுக்குள்ள செருப்பாங்க போட்டிருந்தீங்க?”

காலை இழுத்துக்கொண்டார்.

நம் ஊரில் சுகர் யாருக்குத்தான் இல்லை? ‘லேசா சுகர்’ என்று சொல்லிக்கொண்டே பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்கிறோம். எங்கள் தெருவிலேயே ஒருவருக்குச் செருப்புக் கடியில் ஆரம்பித்தது, இன்று முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. காரின் கியர் பாக்ஸை இறக்கி உள்ளே உள்ளதையெல்லாம் பார்த்தோம். ஓட்டுகிற மனிதரின் பாதத்தை ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். டாக்டர் புண்ணைப் பார்த்தார். முகம் மாறவில்லை, ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலைக் காப்பாற்றிவிடலாமா என்று கேட்டேன். முதலில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றார்.

“கண்ணை மூடிக்கங்க சார். நான் தொடுறது தெரிஞ்சா ‘ஆமா’ன்னு சொல்லுங்க.”

கையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழை. வலது பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார். என் கணவர் அபூர்வமாக ஒரு ‘ஆமா’ சொன்னார். பிறகு இடது பாதம். கட்டைவிரலில் வைத்தார், இழை வளைந்தது. நடுப் பாதத்தில் வைத்தார். குதிகாலில் வைத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கவனமாக அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதிலாக நானே ‘ஆமா’ என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

டாக்டர் இழையை மேஜை மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

என் கணவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“எடது காலை எப்பங்க டாக்டர் பாப்பீங்க?”