மேசைக்குள் போன வயர்

பழுதான கொம்பியூட்டர் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அதன் சொந்தக்காரர்கள் மேல் வந்திருக்கிறது. அதிலும் துரைரத்தினம் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆள் இறந்து பல வருடமாகிவிட்டது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

அப்போது வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு கொம்பியூட்டர் கடையில் சீனியர் டெக்னீஷியனாக இருந்தேன். போரின் கடைசி வருடங்கள். சாதாரண காலம் என்றால் ஓ.எஸ். பழுதான சி.பி.யூ.வை மட்டும் கடைக்குத் தூக்கி வருவோம். பிறிண்டர், ஸ்கானர் எல்லாம் வாடிக்கையாளரிடமே இருக்கும். வெறும் பெட்டியில் வேலை செய்வதால் றிப்பெயர் சிக்கலில்லாமல் முடியும். ஆனால் அந்த வருடங்களில் வயரும் சேர்க்கிட்டும் நிறைந்த பெட்டியோடு ஒரு தமிழன் ஓட்டோவில் போனால் ஒவ்வொரு செக் பொயின்ற்றிலும் அதைக் கழற்றிக் காட்டவேண்டும். ஒருமுறை ஒரு ஆமிக்காரன் ஹார்ட் டிஸ்கைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். அதன் பிறகு எங்கள் முதலாளி நஸீர் நானா, இனி எல்லா வேலையும் வாடிக்கையாளர் இடத்திலேயே என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். அவர்கள் தொடவேண்டாம் என்று சொன்ன எதையும் நாங்கள் தொடக்கூடாது. பிறகு எது உடைந்தாலும் எங்கள் தலையில் கட்டுவார்கள் என்பது அவருடைய பயம்.

துரைரத்தினம் எங்கள் வாடிக்கையாளர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், வேலைக் கடிதம், பொலிஸ் பதிவு, எல்லாவற்றையும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தக் காலத்தில் அவருடைய வாசலில் சனம் இல்லாத நாள் இல்லை. தமிழும் சிங்களமும் அடிக்கும் சொஃப்ட்வெயரை எங்கள் கடையில்தான் வாங்கியிருந்தார். அதோடு ஒரு லொக் வரும். பெருவிரல் அளவில், யூ.எஸ்.பி.யில் செருகுவது. அது செருகியிருந்தால்தான் சொஃப்ட்வெயர் திறக்கும். தொலைந்துவிட்டதென்று எழுதிக் கொடுத்தால் கொம்பனி வேறொன்று தரும்.

ஒருநாள் காலை அவருடைய மெசின் பூட் ஆகவில்லை என்று அழைப்பு வந்தது. நான் போனபோது அறையில் ஒரு அம்மா இருந்தார். பெயர் லீலாவதி. கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். மகன் சுதன் ஒரு ஹார்ட்வெயர் கடையில் வேலை, லொட்ஜில் அறை. லொட்ஜைச் சுற்றிவளைத்தபோது வேறு மூன்று பொடியன்களோடு அவனையும் கொண்டுபோய்விட்டார்கள். அன்றுதான் புதுக்கடைக் கோர்ட்டில் நீதவானுக்கு முன்னால் கொண்டுவருகிறார்கள். அவன் யார், எங்கே வேலை செய்கிறான் என்பதற்கான பத்திரங்கள் சிங்களத்தில் இருந்தால் விடச்சொல்லிக் கேட்கலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். மொழிபெயர்த்து முடிந்து, ஃபைல் அந்த மெசினுக்குள் இருந்தது. பிறிண்ட் எடுக்கத்தான் வழியில்லை. துரைரத்தினம் பழைய டைப்ரைட்டரை விற்றுவிட்டாராம்.

ஃபைல்கள் அழியாமல் இருக்க றிப்பெயர் இன்ஸ்டோல் போடத் தீர்மானித்தேன். முதலில் துரைரத்தினத்திடம் கேட்டேன், மெசினுக்குப் பின்னால் என்னென்ன கொழுவியிருக்கிறது என்று. பிறிண்டர், ஸ்கானர் என்றார். இரண்டையும் கழற்றினேன். லொக் எங்கே என்று கேட்டேன். தெஹிவளையில் தனக்கு இன்னொரு கிளை இருக்கிறது, அங்கே மருமகனிடம் இருப்பதாகச் சொன்னார்.

"நீங்கள் ஓ.எஸ்.ஐ மட்டும் சரிபண்ணித் தந்திட்டுப் போங்கோ தம்பி. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

பின்பக்கம் இன்னொரு வயர் இருந்தது. யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன். மேசைப் பலகையில் இருந்த ஓட்டைக்குள்ளால் உள்ளே போனது. அதில் கை வைத்தவுடன் அவர் எழும்பி வந்துவிட்டார்.

"அது ஃபோன் சார்ஜ் பண்ணுற வயர். மற்றப் பக்கம் ஒண்டும் இல்லை. இழுத்தா திருப்பிக் கோக்க ஏலாது, விடுங்கோ."

வெறும் வயர் ஒன்றும் செய்யாது. விட்டுவிட்டேன்.

செட்அப் ஒழுங்காக ஓடியது. டிவைஸ் இன்ஸ்டோல் பண்ணும் கட்டத்துக்கு வந்ததும் பச்சைக் கோடு நின்றது. அந்தக் கட்டத்தில்தான் மெசின் தன்னோடு கொழுவியிருக்கும் ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்த்து, அதை இயக்கும் டிறைவர் போடும். ஏதாவது ஒன்று பழைய டிறைவரோடு முரண்டு பிடித்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்துவிடும். பவரை நிறுத்திப் போட்டேன். செட்அப் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அதே இடத்தில் நின்றது. பெட்டியைத் திறந்து மோடம் கார்ட்டையும் சவுண்ட் கார்ட்டையும் கழற்றினேன். றாமை மாற்றிப் பார்த்தேன். மீண்டும் அதே இடம்.

லோயர் இரண்டு தரம் ஃபோன் எடுத்துவிட்டார். மத்தியானத்துக்கு முன் வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றார். லீலாவதி அம்மா திரையில் நின்ற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழும்பி, தம்பி இதைச் சரிபண்ணும் நேரத்துக்குள் தெஹிவளைக்குப் போய் அந்த லொக்கை எடுத்து வருகிறேன், பிறகு அதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்றார்.

துரைரத்தினம் ஒரு கணம் யோசித்தார். நான் கண்ணால் கண்டேன். யோசித்துவிட்டு, சரி போய் வாங்கோ என்று மருமகனின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அந்த அம்மா சிங்களம் ஒரு வார்த்தை தெரியாமல், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறிப் போனார். செக் பொயின்ற்றில் இறக்கி வரிசையில் விட்டார்களாம். திரும்பி வந்தபோது சாறி முழுக்க வியர்வை. லொக்கை லேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கோடு அப்போதும் நின்ற இடத்தில்தான் நின்றது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நஸீர் நானாவின் கட்டளையும் போகட்டும் என்று, யாரிடமும் கேட்காமல் பின்னால் கையை விட்டு அந்த எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கின கையோடு கோடு நகர்ந்தது.

வெறும் வயரைப் பிடுங்கினால் கோடு நகராது. வயர் போன வழியைப் பார்த்தேன். மேசை லாச்சிக்குள் போனது. லாச்சி பூட்டியிருந்தது.

"திறவுங்கோ" என்றேன்.

"அதுக்குள்ள என்ர சொந்தச் சாமான் தம்பி."

"திறவுங்கோ. இல்லாட்டி உடைப்பன்."

திறந்தார். வயரின் நுனியில் ஒரு லொக் செருகியிருந்தது. அந்த அம்மா கொண்டுவந்ததும் அதுவும் ஒரே மாதிரி. தொலைந்துவிட்டதாகப் பொய் எழுதிக் கொடுத்து இரண்டாவதை வாங்கி, இரண்டு கிளையிலும் ஒவ்வொன்றை வைத்திருந்திருக்கிறார். நான் அதை விற்ற கடைக்காரன். கண்டால் கொம்பனிக்குச் சொல்லிவிடுவேன் என்ற பயம். அந்தப் பயத்தில் காலையிலிருந்து என்னை முட்டாளாக்கினார். அது போகட்டும். பிள்ளையைப் பறிகொடுத்து முன்னால் இருந்த ஒரு தாயை, தன் லாச்சிக்குள் கிடந்த சாமானுக்காகத் தெஹிவளைக்கு அனுப்பினார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லீலாவதி அம்மா இரண்டு லொக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் அவருக்கும் சேர்த்துப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதமுடியாது. பக்கத்துக் கொம்யூனிக்கேஷன் கடையில் ஃபோன் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

றிப்பெயர் முடிந்து, பிறிண்ட் எடுத்து, முத்திரை குத்துவித்து, அந்த அம்மாவை ஓட்டோவில் ஏற்றிவிட்டேன். புதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சுதனின் வழக்கைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

கடைக்குத் திரும்பி நஸீர் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பனிக்கு எழுதவேண்டும், இனி அந்த ஆளுக்குச் சேர்விஸ் இல்லை என்றேன். அவர் கணக்குப் பார்த்தபடியே, "அந்த மனிசன உட்டா அவர் அனுப்புற ஆக்களும் போயிருவாங்க. இத இதோட உடுங்க" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் இன்னும் இரண்டு வருடம் அவரிடம் வேலை செய்தேன். வேறு இடத்தில் தமிழனுக்கு வேலை கொடுக்க அப்போது யோசித்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். றிப்பெயர் போடுமுன் கீபோர்ட், மவுஸ், மொனிட்டர் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். என்ன கொழுவியிருக்கிறது என்று சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். வயரைக் கையால் தடவி, அது முடியும் இடம்வரை போய்ப் பாருங்கள். தொடவேண்டாம் என்று சொல்லும் வயரை முதலில் பிடுங்குங்கள். கோடு நிற்கும்போது ஓ.எஸ்.ஐக் குறை சொல்லி நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்த நேரம் உங்களுடையதாக இருக்காது.

சில கிழமைக்குப் பிறகு லீலாவதி அம்மா கடைக்கு ஃபோன் எடுத்தார். மகனைத் தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். அன்றைக்கு உதவி செய்ததற்கு நன்றி சொல்லத்தான் எடுத்தாராம்.

"ஒரே லொட்ஜ், ஒரே நாள் பிடிச்சது தம்பி. நேரத்துக்குக் கடுதாசி குடுத்த மற்ற மூண்டு பிள்ளையளையும் அண்டைக்கே விட்டிட்டினம்."

பிறகு அவரே கேட்டார்.

"அந்த மெசின் இப்ப நல்லா வேலை செய்யுதோ? என்னைப்போல வேற தாய்மாரும் வருவினம்தானே."

"ஓம் அம்மா. நல்லா வேலை செய்யுது" என்றேன்.